ஹான்ஸ் மக்காவ் வளர்க்க நினைக்கிறீர்களா? வாங்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

மக்காவ், அதாவது பஞ்சவர்ணக்கிளி என்றதும் நீலமும் மஞ்சளுமாக, நீளமான வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரிய பறவைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஹான்ஸ் மக்காவைக் காட்டினால், "இதுவா மக்காவ், நம்ம ஊர்க் கிளி மாதிரிதானே இருக்கு" என்பார்கள். உடம்பு முழுக்கப் பச்சை, நெற்றியில் கொஞ்சம் நீலம், தோள்பட்டைச் சிவப்பு இறக்கையைத் தூக்கினால்தான் நன்றாகத் தெரியும். கறுப்பு அலகும் கண்ணைச் சுற்றி இறகே இல்லாத வெள்ளைத் தோலும்தான் இது மக்காவ் என்று சொல்லும். அலகிலிருந்து வால் நுனி வரை சுமார் 30 செ.மீ., எடை 150, 160 கிராம். மக்காவ் வகைகளிலேயே மிகச் சிறியது. கயானா, வெனிசுலா, சுரினாம், வட பிரேசில் பக்கத்துப் பறவை.

உடம்புதான் சின்னது. சத்தம், பிடிவாதம், புத்தி, பாசம் எல்லாம் பெரிய மக்காவுக்கு உள்ளதேதான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25, 30 ஆண்டு இருக்கும். இன்று பள்ளிக்கூடம் போகிற உங்கள் பிள்ளைக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் இந்தப் பறவை உங்கள் தோளில் உட்கார்ந்திருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

முதலில் சட்டம். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது வன உயிரினச் சட்டப்படி குற்றம். ஹான்ஸ் மக்காவ் வெளிநாட்டு இனம் என்பதால் வளர்க்கலாம், ஆனால் பதிவு செய்ய வேண்டும். 2022-இல் சட்டத்தைத் திருத்தி, சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள இனங்களை 4-ஆம் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். 2024-இல் வந்த விதிகளின்படி, பறவை கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விற்பவரிடம் ரசீது, கால் வளையத்தின் எண், அவருடைய பதிவு விவரம் மூன்றையும் கேளுங்கள். "அதெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க" என்று பதில் வந்தால் அங்கே வாங்காதீர்கள்.

அடுத்து, எந்த வயதில் வாங்குவது. "குஞ்சாக வாங்கி நீங்களே ஊட்டினால்தான் ஒட்டும்" என்று கண் திறந்த கொஞ்ச நாளிலேயே தலையில் கட்டப் பார்ப்பார்கள். என் முதல் குஞ்சை அதை நம்பித்தான் வாங்கினேன். ஐந்து வாரக் குஞ்சு, ஒரு சிரிஞ்ச், வெந்நீரில் கரைத்து ஊட்டும் குஞ்சுத் தீனி மாவு (ஃபார்முலா) ஒரு டப்பா, கடையில் இரண்டு நிமிடப் பாடம். ஒன்பதாம் நாள் ஊட்டும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது, மறுநாள் காலையில் குஞ்சு இல்லை. இன்னும் அது மனதை விட்டுப் போகவில்லை. ஃபார்முலா கொஞ்சம் சூடு கூடினால் தீனிப்பை வெந்துவிடும், ஆறிவிட்டால் செரிக்காமல் தேங்கும். பழகிய கை செய்ய வேண்டிய வேலை அது. மூன்று மாதம் தாண்டி, தானாகவே சாப்பிடுகிற பறவையை வாங்குங்கள். ஒட்டுவது ஊட்டினதால் வருவதில்லை, நீங்கள் தினமும் பக்கத்தில் இருப்பதால் வருவது.

கூண்டு இரண்டடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடி உயரத்துக்குக் குறையக் கூடாது. கம்பி இடைவெளி ஒன்றரை முதல் இரண்டு செ.மீ.க்குள் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். துத்தநாகம் பூசிய வெல்ட் மெஷ் கூண்டு மலிவு, ஆனால் இந்தப் பறவை கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும், அந்தப் பூச்சு வயிற்றுக்குப் போனால் விஷம். பவுடர் கோட்டிங் செய்தது போதும், முடிந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உள்ளே கடையில் கொடுக்கும் வழவழப்பான உருட்டுக் கட்டையை எடுத்துவிட்டு, மருந்து அடிக்காத கொய்யாக் கிளையைக் கழுவிக் காயவைத்துக் கட்டுங்கள். தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் காலுக்கு நல்லது, பட்டையை உரித்து உரித்தே பாதி நாள் போய்விடும். பத்து நாளில் கிளையைத் தூளாக்கிவிடும், வேறு கிளை வையுங்கள். கடிப்பது அதன் பிழைப்பு, அதைத் தடுக்கக் கூடாது.

சாப்பாட்டில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். கிண்ணம் நிறைய சூரியகாந்தி விதையைப் போட்டால் ஆசையாகத் தின்னும், நமக்கும் வேலை முடிந்தது என்று தோன்றும். அதில் கொழுப்பு அதிகம், வைட்டமின் ஏ மிகக் குறைவு. வருடக்கணக்கில் அதையே தின்ற பறவைக்கு ஈரல் கெடும். பாதிக்கு மேல் பெல்லட் (சத்துகளைக் கலந்து உருண்டையாகச் செய்து விற்கும் கிளித் தீனி), மீதி புது உணவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் காலையில் முளைகட்டிய பச்சைப்பயறு, பொடியாக நறுக்கிய கேரட், பூசணி, முருங்கைக்கீரை, ஒரு துண்டு பப்பாளி அல்லது கொய்யா கொடுக்கிறேன். வேகவைத்த கொண்டைக்கடலை கொடுத்தால் ஒரு காலில் பிடித்துக்கொண்டு, தோலைச் சுற்றிச் சுற்றி உரித்து, தோலைக் கீழே போட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் சாப்பிடும், ஒரு கடலைக்கு இரண்டு நிமிடம் ஆகும். சூரியகாந்தி விதையை இனாமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கையில் ஏறினால் ஒன்று. பட்டர் ஃப்ரூட் என்று விற்கும் அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம் எதையும் கொடுக்காதீர்கள். ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிடுங்கள்.

நம் வீடுகளில் இதற்கு எமன் சீலிங் ஃபேன்தான். கூண்டைத் திறக்கும் முன் ஃபேன் சுவிட்சை அணைப்பது பழக்கமாக வேண்டும், வீட்டில் எல்லோருக்கும். அப்புறம் புகை. பறவையின் நுரையீரல் காற்றிலிருந்து நம்மைவிட நன்றாகப் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும், அதே வேகத்தில் நச்சையும் எடுத்துக்கொள்ளும். நான்ஸ்டிக் தவா அடுப்பில் அதிகமாகக் காய்ந்தால் வரும் ஆவி, சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். பறவை இருக்கும் வீட்டில் இரும்புத் தோசைக்கல்லே போதும். கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, கற்பூரம் எதுவும் அந்த அறையில் வேண்டாம்.

கடிக்கிறது என்று பலர் ஆறு மாதத்தில் விற்க வருகிறார்கள். இளம் பறவை எல்லாவற்றையும் அலகால் தொட்டுத்தான் பார்க்கும், அது கடி இல்லை. கண்மணி சட்சட்டென்று சுருங்கி விரிந்து, கழுத்து இறகு சிலிர்த்திருந்தால் அப்போது கையை நீட்டாதீர்கள். கடித்துவிட்டால் கத்தாதீர்கள், உதறாதீர்கள், அமைதியாகக் கீழே இறக்கிவிட்டு ஒரு நிமிடம் திரும்பி நில்லுங்கள். கத்தினால் அதற்கு அது விளையாட்டு. தடவிக் கொடுப்பது தலையிலும் கழுத்திலும் மட்டும். முதுகைத் தடவினால் உங்களைத் துணையாக நினைத்துக்கொண்டு, வேறு யாரையும் பக்கத்தில் விடாது. தினமும் இரண்டு மூன்று மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே, உங்களோடு இருக்க வேண்டும். தனியாகவே கிடக்கும் பறவை தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பிக்கும், ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது மிகக் கஷ்டம்.

சமையலறையில் கிராம் காட்டும் எடைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இது நான் சொல்வதிலேயே முக்கியமானது. காட்டில் நோயைக் காட்டிக்கொண்ட பறவையை வேட்டையாடும் பிராணி முதலில் பிடிக்கும், அதனால் இவை கடைசி வரை மறைக்கும். நான் தினமும் காலையில் தீனிக்கு முன் தராசில் ஏற்றி, காலண்டரில் எழுதிவைப்பேன். ஒரு மார்கழியில் நான்கே நாளில் 158-இலிருந்து 146-க்கு வந்தது. பேச்சு, விளையாட்டு எல்லாம் வழக்கம்போல, பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. மருத்துவர் பார்த்துத் தீனிப்பையில் பூஞ்சைத் தொற்று என்றார், ஆரம்பத்திலேயே போனதால் பத்து நாளில் சரியாகிவிட்டது. பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் காத்திருக்கவே கூடாது. உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, கூண்டின் தரையில் இறங்கி உட்காருவது இவையெல்லாம் அன்றே ஓட வேண்டிய அறிகுறிகள். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவருக்கும் பறவை தெரியாது, தெரிந்தவர் யார் என்று நலமாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள்.

தூக்கம் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். ஹாலில் டிவி ஓடினால் அதற்குத் தூக்கமில்லை, மறுநாள் முழுக்க எரிச்சல். இரவில் ஏதாவது சத்தம் கேட்டால் இருட்டில் பதறி அடித்துக்கொண்டு இறக்கையை உடைத்துக்கொள்ளும், அதனால் ஒரு சின்ன விடிவிளக்கு எரியட்டும். தீபாவளிக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். நான்கு மணிக்கே கூண்டை உள் அறைக்கு மாற்றி, ஜன்னலைச் சாத்தி, மூன்று பக்கமும் பருத்தித் துணி போட்டு, திறந்த பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். வெடிச் சத்தம் வரும்போதெல்லாம் பேர் சொல்லிப் பேச்சுக் கொடுத்தால், கம்பி ஓரமாக வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும்.