சந்தைக்குச் சோப்பு கொண்டுபோகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் கோயம்புத்தூரில் ஓர் இயற்கைச் சந்தை. பக்கத்து மேசையில் புதிதாக ஒரு பெண். ஆவாரம்பூ சோப்பு, குப்பைமேனி சோப்பு, நலங்குமாவு என்று ஓலைத் தட்டில் அழகாக அடுக்கியிருந்தாள். ஒரு சோப்பை எடுத்து ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். பள்ளம் விழுந்தது.

"எப்பம்மா ஊத்துன?"

"ஒம்பது நாளாச்சுங்க அக்கா. பிஹெச் பேப்பர் வெச்சுப் பாத்துட்டேன், ஒம்பதுதானுங்க காட்டுது."

பிஹெச் பேப்பர் என்பது சோப்பில் காரம் எவ்வளவு என்று காட்டும் தாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் நான் விற்கக் கொண்டுபோனது பதினொரு நாள் சோப்பு. அவளைவிட இரண்டே நாள் புத்திசாலி.

அதனால்தான் இதை எழுதுகிறேன். சில்லறை மறப்பது, ஜிபே அட்டையை வீட்டிலேயே விட்டு வருவது, மேசைவிரிப்பு இல்லாமல் போவது பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அவற்றை முதல் நாளே தானாகக் கற்றுக்கொள்வீர்கள்.

விழாத் தேதிக்காக அவசரமாகச் சோப்பு ஊற்றுவது

காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் சேர்ந்து சோப்பாக மாறும் வேலை ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நாக்கு நுனியில் வைத்தால் சுரீரென்று இழுக்காது, பிஹெச்சும் சரியாகவே காட்டும். இதை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஒரு கிலோ எண்ணெய்க்கு 300 கிராமுக்கு மேல் தண்ணீர் ஊற்றியிருப்போமே, அது எங்கே போனது? எங்கும் போகவில்லை, சோப்புக்குள்தான் இருக்கிறது. அது மெல்ல வெளியேறி, சோப்பு உள்ளுக்குள் இறுகிக்கொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தேங்காய் எண்ணெய் அதிகம் போட்டால் இரண்டாம் நாளே கல் மாதிரி தெரியும், அது இன்னும் மோசமாக ஏமாற்றும்.

என் கதைக்கு வருகிறேன். மே மாதம், ஏற்காட்டில் ஒரு கோடை விழா. "ஒரு ஸ்டால் காலியாகிடுச்சு, வர்றீங்களா?" என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் போன் வந்தது. வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே சரி என்றுவிட்டேன். வீட்டில் காய்ந்த சோப்பு நாற்பதுகூட இல்லை. இரண்டு ராத்திரி கண்விழித்து 240 சோப்பு ஊற்றினேன். பதினோராம் நாள் ஷ்ரிங்க் கவர் போட்டு, ஹேர் ட்ரையரால் சூடுகாட்டி, லேபிள் ஒட்டி, பஸ் ஏறிவிட்டேன்.

மலையில் காலைப் பனிமூட்டம். சோப்பில் தானாக உண்டாகும் கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உள்ளேயும் ஈரம், வெளியேயும் ஈரம். பத்து மணிக்குள் கவருக்குள் முத்துமுத்தாக வேர்த்துவிட்டது. கவருக்கு மேலே ஒட்டிய லேபிளில் பிரிண்டர் மை கசிந்து 'வெட்டிவேர்' பாதி ஊதா நிறமாகிவிட்டது. துணியால் துடைத்துத் துடைத்து அடுக்கினேன்.

மூன்றாம் நாள்தான் பெரிய அவமானம். எதிர்க்கடையில் உடன்குடிக் கருப்பட்டி விற்ற அண்ணாச்சி ஒரு சோப்பு வாங்கினார். பழக்கதோஷம், தன் தராசில் வைத்தார். 93 என்று காட்டியது. லேபிளில் நான் போட்டிருந்தது 100, மோல்டிலிருந்து எடுத்து வெட்டிய அன்றைய எடை.

"ஏழு கிராம் எங்கம்மா போச்சு?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தண்ணீர் ஆவியாகிவிட்டது என்று விளக்கினேன். "அப்ப தண்ணிக்கும் சேத்துத்தான் துட்டு வாங்குதியா?" என்றார். என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

ஊர் திரும்பி ஒரு வாரத்தில் போன்கள் ஆரம்பித்தன. "120 ரூவா குடுத்து வாங்குனேங்க, பத்து நாள் வரல, சோப்பு டப்பாவுல கூழாட்டம் கெடக்குது." கேட்டவர்களுக்கெல்லாம், மொத்தம் 31 பேர், காய்ந்த சோப்பு அனுப்பினேன். விழாவில் கிடைத்த லாபத்தைக் கூரியர்காரரே எடுத்துக்கொண்டார். அதோடு முடிந்திருந்தால் இத்தனை வருடம் கழித்தும் எரிச்சல் வராது. அடுத்த மே மாதம் அதே விழாவுக்குப் போனேன். ஒரு பெண் சோப்பை எடுத்து முகர்ந்து, பர்ஸைத் திறக்கப் போனார். கூட வந்த பெரியம்மா, "இது போன வருசம் கரைஞ்சு போன சோப்புடி, வெச்சுட்டு வா" என்றார். அன்று என் மேசையில் இருந்தது எட்டு வாரம் காய்ந்த சோப்பு. ஊர் விழாவுக்கு வருடாவருடம் அதே ஜனம்தான் வரும். சோப்பு கரைந்துபோகும், அவர்களுக்கு அது மறக்காது.

இப்போது எப்படிச் செய்கிறேன் என்றால், விழாத் தேதியிலிருந்து ஏழு வாரம் பின்னால் எண்ணுகிறேன். ஆறு வாரம் காய, ஒரு வாரம் கவருக்கும் லேபிளுக்கும். மே முதல் வாரம் விழா என்றால் மார்ச் நடுவில் ஊற்றி முடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு பேட்சிலும் ஒரு சோப்பை அடையாளம் வைத்து வாராவாரம் எடை போட்டுச் சீட்டில் எழுதுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் தயார். லேபிளில் போட வேண்டியது அந்த எடை. எனக்கு 100 கிராம் நிற்க வேண்டுமென்றால் 115 கிராமாக வெட்ட வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காய இன்னும் நாள் இழுக்கும்.

ஃபேன் போட்டால் ஆகாதா என்பார்கள். மேல்தோல் காயும், உள்ளே அப்படியேதான் இருக்கும். ஹாட் ப்ராசஸில், அதாவது சூடாக்கி வேகவைத்துச் செய்தால் அன்றே விற்கலாம் என்பார்கள். அதிலும் தண்ணீர்தான் இருக்கிறது, அதுவும் காய வேண்டும்.

திடீரென்று அழைப்பு வந்தால் இருக்கிற நாற்பது சோப்போடு போங்கள். மீதி இடத்துக்கு நலங்குமாவும் சீயக்காயும் வையுங்கள். பொடிக்குக் காத்திருப்பு கிடையாது. மேசை காலியாகத் தெரியுமே என்ற கூச்சம்தான் என்னை 240 சோப்பு ஊற்ற வைத்தது.

"கெமிக்கலே இல்லைங்க"

காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு இல்லை. மெல்ட் அண்ட் போர் என்று ரெடிமேடாகக் கிடைக்கும் சோப்புக் கட்டியை வாங்கி உருக்கி ஊற்றினாலும், உங்களுக்குப் பதிலாக அதைக் கம்பெனிக்காரர் சேர்த்திருக்கிறார். வாடிக்கையாளர் "காஸ்டிக் போடுவீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம், விளக்கெண்ணெய்க்குச் சுமார் 128 கிராம். எண்ணெய்க்கு எண்ணெய் கணக்கு மாறும், அதிலும் ஐந்து சதவீதம் குறைத்துப் போட்டால் காஸ்டிக் முழுவதும் சோப்பாகி மிச்சமில்லாமல் போகும். இதைச் சொன்ன பிறகு இரண்டு சோப்பாக வாங்கிப் போனவர்கள் உண்டு.

சொரியாசிஸ் குணமாகும் என்று எழுதுவது

எழுதாதீர்கள். குணமாகும் என்று எழுதினால் சட்டத்தின் கண்ணில் உங்கள் சோப்பு மருந்து.

கற்றாழை ஜெல், பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கும் பொருள்) போடாமல்

விற்காதீர்கள். இப்படித் தண்ணீர் நிறைந்த ஜெல் எதிலும் பூஞ்சையும் கிருமியும் வரும், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வந்திருக்கும். வைட்டமின் ஈ கேப்சூல் பிரிசர்வேட்டிவ் கிடையாது.

உரிமம் அப்புறம் பார்த்துக்கலாம்

2020 ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி விற்பனைக்குச் செய்ய உரிமம் வேண்டும், கொடுப்பது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. வீட்டில்தானே செய்கிறோம் என்பதற்கு விலக்கு இல்லை. சொந்த இட வசதி இல்லாதவர்கள், உரிமம் உள்ள வேறொருவர் இடத்தில் தயாரித்துத் தங்கள் பெயரில் விற்க லோன் லைசென்ஸ் வழி இருக்கிறது. நான் இதைத் தாமதமாகத்தான் செய்தேன், பெருமையாகச் சொல்லவில்லை.

லிப் பாமை முன்வரிசையில் வைப்பது

தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். அதோடு சேர்க்கும் தேங்காய் எண்ணெய்க்கு 24, 25 டிகிரி போதும். சித்திரை வெயிலில் மேசை ஓரத்துத் தகர டப்பா தொட்டால் சுடும். மத்தியானம் உள்ளே எண்ணெயாகி, ராத்திரி மணல்மணலாக உறையும். முன்னால் காலி டப்பாவை வையுங்கள். சரக்கு மேசைக்கு அடியில், தெர்மாகோல் பெட்டியில் இருக்கட்டும்.

பஜ்ஜிக்கடை பக்கத்தில் இடம்

இடம் ஒதுக்கும்போதே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மிளகாய் பஜ்ஜி வாசனைக்கு முன்னால் எந்த மல்லிகையும் நிற்காது.

கடைசி நாள் சாயங்காலம் பாதி விலை

வேண்டாம். மிஞ்சியதை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, கவரைப் பிரித்து மறுபடி அலமாரியில் வையுங்கள். இன்னும் ஒரு மாதம் காயட்டும்.