இருதுருவக் கோளாறுக்கான மருந்துகள்: தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க

இருதுருவக் கோளாறு என்பது அளவுகடந்த மன எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய். இதற்கான மருந்துகளை மனநிலையைச் சமன்படுத்தும் மருந்துகள் என்று பொதுவாகச் சொன்னாலும், அவற்றுள் சில மன எழுச்சியை அடக்குவதிலும் வேறு சில மனச்சோர்வு திரும்பாமல் தடுப்பதிலும் வலுவானவை. ஆகவே, உறக்கமின்றித் துள்ளிய நாள்கள் அதிகமா, எழவே முடியாமல் கிடந்த வாரங்கள் அதிகமா என்பதை எழுதி எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் செல்லுங்கள்.

1949இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் பயனைக் கண்டறிந்த லித்தியம், நீண்டகாலத் தடுப்பில் இன்றும் முன்னணியில் இருக்கிறது. ஆனால் அதன் பயன்தரும் அளவுக்கும் நச்சளவுக்கும் இடைவெளி குறுகியது. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பதே பொதுவான இலக்கு. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்தே இரத்தம் எடுக்க வேண்டும்: இரவு 9 மணிக்கு மருந்து உட்கொள்பவர் காலை 9 மணிக்கு இரத்தம் கொடுக்கலாம். இடையில் காலை மாத்திரையை விழுங்கிவிட்டால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும் (இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது). வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றினாலும், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளாலும், சில இரத்த அழுத்த மருந்துகளாலும் லித்தியம் இரத்தத்தில் தேங்கும். வாந்தி, கடும் கை நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் தோன்றினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தைராய்டு, சிறுநீரகம், கால்சியம் ஆகியவற்றையும் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பார்கள்.

வால்புரோயேட் மன எழுச்சியை விரைவாகத் தணிக்கும். எனினும் கருவைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது என்பதால், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கு இயன்றவரை தவிர்க்கப்படுகிறது. மன எழுச்சிக்குத் தரப்படும் மற்றொரு மருந்தான கார்பமசெபின் கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும்.

மனச்சோர்வே மிகுதியாக வருத்துபவர்களுக்கு லாமோட்ரிஜின் பொருந்தலாம். அதை வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல உயர்த்துவார்கள். அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்தான தோல் தடிப்பு வரலாம். சில நாள்கள் தொடர்ந்து விட்டுப்போனால் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

க்வெட்டியாபின், ஒலான்சபின் போன்றவை மனச்சிதைவு மருந்துகளின் வகையைச் சேர்ந்தவை. பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டாம், இக்கோளாறிலும் அவற்றுக்கு நிரூபிக்கப்பட்ட இடம் உண்டு. ஆனால் உடல் எடையையும் சர்க்கரை அளவையும் கண்காணிக்க வேண்டும்.

நலமாக இருக்கிறோமே என்று எதையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. குறிப்பாக, லித்தியத்தைத் திடீரென விட்டால் மன எழுச்சி விரைந்து திரும்பக்கூடும். நிறுத்துவதானாலும் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.