ஹைட்ரோபிளேன் கிட் கட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

பேட்டரியைச் சார்ஜ் போட மறப்பது, திருகை இறுக்காமல் விடுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். ஏரிக்கரையில் ரிமோட் ஹைட்ரோபிளேன் (தண்ணீரை உரசிக்கொண்டு பறக்கும் பந்தயப் படகின் சிறு மாதிரி) புதிதாகக் கட்டி எடுத்து வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு வகை. காசையும் மாதக்கணக்கான உழைப்பையும் விழுங்கும் வகை.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1950 ஜூனில் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் ‘ஸ்லோ-மோ-ஷன் 4’ என்ற ஹைட்ரோபிளேன் மணிக்கு 160 மைல் வேகத்தைத் தொட்டபோது, அதன் உடல் கிட்டத்தட்ட முழுவதும் காற்றில்தான் இருந்தது. முன்னால் இரண்டு ஸ்பான்சன்களின் (உடலின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் மிதவைகள்) பின்முனைகள், பின்னால் பாதி மூழ்கிய பிரொப்பெல்லர், இந்த மூன்று இடங்கள்தான் தண்ணீரைத் தொட்டன. இன்று நாம் 1/8, 1/10 அளவில் கட்டும் ரிமோட் படகுக்கும் இதே கணக்குதான். தண்ணீரைத் தொடும் இடம் இவ்வளவு குறைவு என்பதால், அதில் அரை டிகிரி பிசகினாலும் படகு காட்டிக்கொடுத்துவிடும்.

உடல் முறுக்கிக்கொள்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு நண்பரின் படகு நேர் ஓட்டத்தில் வலப்பக்கம் சாய்ந்து துள்ளிக்கொண்டே இருந்தது. பிரொப்பெல்லரை மாற்றினார். பிரொப்பெல்லர் தண்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டை ஏற்றினார், இறக்கினார். இடது ஸ்பான்சனுக்குள் ஈயம் வைத்தார். ஒன்றும் சரிவரவில்லை. படகைக் கவிழ்த்துப் போட்டு, பின்பலகை ஓரமாக ஒரு நேரான அலுமினியப் பட்டையும் ஸ்பான்சன்களின் குறுக்கே இன்னொன்றும் வைத்துப் பின்னாலிருந்து கண்ணை இடுக்கிப் பார்த்தோம். இரண்டும் இணையாக இல்லை. உடலே முறுக்கியிருந்தது. அதற்குள் மேல்தட்டு ஒட்டி, பெயின்ட் அடித்து, ஸ்பான்சர் ஸ்டிக்கர் வரை ஏறியாகிவிட்டது. அறுத்துப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

லேசரில் வெட்டி வரும் பிளைவுட் சட்டங்களில் தவறு அபூர்வம். தவறு ஒட்டும் இடத்தில் நடக்கிறது. சாப்பாட்டு மேசை தட்டையாக இருப்பதுபோல் தோன்றும்; ஸ்கேலை நிறுத்தி வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். சட்டங்களோடு வரும் தாங்கு கால்களை அவசரப்பட்டு நறுக்கிவிடுகிறார்கள். ஐந்து நிமிட எபாக்சியால் அடித்தகட்டை ஒட்டுகிறார்கள். சரிபார்க்கக் குனிவதற்குள் அது இறுகிவிடுகிறது.

தடித்த கண்ணாடியோ கனமான எம்.டி.எஃப் பலகையோ போட்டு, சட்டங்களை அதன்மேல் அசையாமல் பிடித்து வையுங்கள். மெதுவாக இறுகும் எபாக்சியைப் பயன்படுத்துங்கள். அடித்தகடு முழுதாகக் காயும்வரை தாங்கு கால்கள் இருக்கட்டும். மேல்தட்டை மூடுமுன் அந்த இரண்டு பட்டைகளை வைத்துப் பாருங்கள். டிஜிட்டல் கோணமானியை ஒவ்வொரு ஸ்பான்சனின் அடியிலும் வைத்து, இரண்டும் ஒரே கோணம் காட்டுகிறதா என்று பாருங்கள். மேல்தட்டு திறந்திருக்கும்வரைதான் திருத்த இடமுண்டு. அது ஒட்டியபின் உடல் பெட்டிபோல் விறைத்துவிடும், முறுக்கலோடு சேர்த்து.

விளிம்பை உருட்டுவது

உப்புத்தாள் கையில் வந்தால் எல்லா முனையையும் வழவழப்பாக்கத் தோன்றும். ஸ்பான்சன் அடிவிளிம்பிலும் பின்முனையிலும் அதைச் செய்யாதீர்கள். வளைந்த விளிம்பைத் தண்ணீர் பற்றிக்கொண்டு மேலேறும். கூரான விளிம்பில்தான் அது அறுந்து விலகும். விளிம்பு நெடுக மெல்லிய சூப்பர் குளூவை ஊறவிட்டு, காய்ந்தபின் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தால் பிளைவுட்டிலும் கத்திபோன்ற முனை கிடைக்கும்.

ஃபிளெக்ஸ் கேபிளுக்கு இடைவெளி விடாதது

மோட்டாரின் சுழற்சியைப் பிரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் வளையும் கேபிள் இது. சுமை ஏறும்போது முறுக்கேறிக் குறுகும். டிரைவ் டாகுக்கும் (தண்டில் பிரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்றும் துண்டு) ஸ்ட்ரட்டுக்கும் நடுவே சுமார் 6 மி.மீ. விடுங்கள். இல்லாவிட்டால் டாக் ஸ்ட்ரட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மோட்டாரும் ஸ்பீட் கன்ட்ரோலரும் கொதிக்கும்.

உள்ளே பூசாத மரம்

தண்ணீர் குடிக்கும். எபாக்சி பூசுங்கள், மிதக்க ஃபோம் அடையுங்கள்.

பிரொப்பெல்லரை உலர்வாகத் தேய்ப்பது

பிரொப்பெல்லர் பெரிலியம் காப்பர் உலோகமாக இருந்தால், அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், முகமூடியோடு.

போட்டோவைப் பார்த்து ஃபின் வைப்பது

அசல் படகுகள் இடப்பக்கம் திரும்பி ஓடுபவை. அவற்றின் ஃபின் (திருப்பத்தில் வழுக்காமல் தண்ணீரைப் பிடிக்கும் தகடு) இடது ஸ்பான்சனில் இருக்கும். மாதிரிப் படகுப் போட்டிகள் பெரும்பாலும் கடிகாரச் சுற்றில், வலப்பக்கம் திரும்பி நடப்பவை. அசலின் படத்தை அப்படியே நகலெடுத்து இடப்பக்கம் வைத்தால் முதல் திருப்பத்திலேயே படகு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும்.

எடை மையத்தைப் பேட்டரி இல்லாமல் பார்ப்பது

பின் இறக்கை, இன்ஜின் மூடி, பெயின்ட் என்று அலங்காரம் கூடக்கூட மையம் பின்னால் நகரும். மூக்கு லேசாகிவிட்டால், வேகத்தில் அடியில் புகும் காற்று படகைத் தூக்கிப் பின்னோக்கிக் கவிழ்த்துவிடும். காற்றின் தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏறுவதால், பாதி வேகத்தில் அமைதியாக ஓடியதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எல்லாவற்றையும் ஏற்றி, ஓட்டப்போகும் நிலையில் வைத்து, ஸ்பான்சனின் பின்முனையிலிருந்து அளந்து கிட் தாளில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பேட்டரித் தட்டை முன்பின் நகர்த்தும்படி அமைத்திருந்தால் ஈயம் தேவைப்படாது.