வேடந்தாங்கலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறீர்களா? நான் சொதப்பியது போலச் சொதப்பாதீர்கள்

முதல் தவறு பஸ் கிளம்பும் நேரத்திலேயே நடந்துவிடுகிறது. எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் கூடி, வழியில் டிபனை முடித்து, சென்னையிலிருந்து வேடந்தாங்கல் போய்ச் சேரும்போது பதினொன்று. வெயிலில் ஏரித் தண்ணீர் கண்ணைக் கூசவைக்கும், நீர்க்கடம்பு மரத்தில் உட்கார்ந்திருப்பது நாரையா நீர்க்காகமா என்றே தெரியாமல் எல்லாம் கறுப்பு உருவமாகத் தெரியும். முதல் தடவை நானும் இதைத்தான் செய்தேன். ஐந்து மணிக்கே கிளம்புங்கள். பெற்றோர் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. முடியாவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இருப்பது போலப் போங்கள், கூட்டம் கூட்டமாகத் திரும்பி வரும் பறவைகளையாவது பார்க்கலாம்.

நேரத்தைவிட மாதம் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, மரங்களைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் பறவைகள் கூடு கட்டும். பாடமெல்லாம் முடியட்டும், ஏப்ரலில் போகலாம் என்று தள்ளிப்போட்டால் பார்க்க அதிகம் இருக்காது. டிசம்பர், ஜனவரி நல்லது. மழை பொய்த்த வருஷம் என்றால் வனத்துறையிடம் முன்பே விசாரித்துவிடுங்கள். யாராவது ஒருவர் முந்தின வாரமே நேரில் போய், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, நிழல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால் பாதித் தலைவலி குறையும்.

அப்புறம் அந்த ஒர்க்‌ஷீட். 'நீ பார்த்த இருபது பறவைகளின் பெயரை எழுதுக' என்று கொடுத்தால் பிள்ளைகள் தகவல் பலகையைப் பார்த்துக் காப்பியடிப்பார்கள், ஏரிப்பக்கம் திரும்பக்கூட மாட்டார்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: அலகைப் பார்த்தால் அது என்ன சாப்பிடும் என்று சொல்ல முடியுமா? நத்தைகுத்தி நாரை வாயை மூடினாலும் அலகுக்கு நடுவே ஒரு சந்து தெரியும், நத்தையின் சதையை உருவுகிற அலகு அது. ஆனால் குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். இதை நீங்கள் சொல்லாதீர்கள். கூட்டிலிருக்கும் குஞ்சின் அலகையும் பெரிய பறவையின் அலகையும் பார்க்கச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் நமக்கு வராத வித்தை.

நாற்பது பேருக்கு மூன்று பைனாகுலர் என்றால் சண்டைதான் மிச்சம். எட்டெட்டுப் பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பெரியவரை விடுங்கள். ஃபோகஸ் செய்வதை முந்தின நாளே பள்ளி மைதானத்தில் பழக்கிவிடுங்கள்.

சத்தம் போடாதே என்று அங்கே போய் அதட்டிப் பிரயோஜனம் இல்லை, காரணத்தைப் பஸ்ஸிலேயே சொல்லுங்கள். தாய்ப்பறவை மிரண்டு பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும், காகம் காத்துக்கொண்டிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் தானாகவே அடங்கிவிடுவார்கள். போனில் பறவைக் குரலைப் போட்டு விளையாட்டுக் காட்டுகிற வாத்தியாரையும் அப்படியே அடக்கிவிடுங்கள்.

சரணாலயத்தில் தண்ணீருக்குள் இறங்குவது, எதையாவது எடுப்பது எதுவும் கூடாது. தண்ணீரில் இருப்பதைக் காட்ட வேண்டுமென்றால் இன்னொரு நாள், அனுமதி வாங்கிக்கொண்டு, உங்கள் ஊர்க் குளத்துக்குப் போங்கள். டீ வடிகட்டியும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டும் போதும். காலில் புண் இருக்கிற பிள்ளையைத் தண்ணீரில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரலாம். கரையோரப் பாசியை அலசினால் தட்டானின் இளம்பூச்சி ஒன்றாவது கிடைக்கும். குச்சியால் லேசாகச் சீண்டினால் பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி, ராக்கெட் மாதிரி ஒரு பாய்ச்சல் பாயும். பார்த்து முடித்ததும் தட்டை எடுத்த இடத்திலேயே தண்ணீருக்குள் சாய்த்து விடுங்கள், மேலிருந்து கொட்டாதீர்கள்.