எஃப்எம்எல்ஏ விடுப்பில் பிடிஓ: சம்பளம் வரும், நாட்கள் அதிகரிக்காது

அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டு குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் (எஃப்எம்எல்ஏ) காப்பாற்றுவது வேலையை, சம்பளத்தை அல்ல. 12 மாதங்களில் 12 வாரம் வரை விடுப்பு எடுக்கலாம். சம்பளம் வேண்டுமென்றால், சேர்ந்திருக்கும் பிடிஓவைத்தான் (நிறுவனம் தரும் சம்பளத்தோடு கூடிய விடுப்பு) தொடவேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான். "முதலில் பிடிஓவைத் தீர்த்துவிட்டு, பிறகு 12 வாரத்தைத் தொடங்கலாம்" என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். வாரம் 40 மணி நேரம் வேலை, கையில் 80 மணி நேர பிடிஓ என்றால் 2 வாரம் சம்பளத்தோடு, 10 வாரம் சம்பளமில்லாமல். மொத்தம் 12, 14 அல்ல. நீங்கள் கேட்காவிட்டாலும் பிடிஓவைப் பயன்படுத்தச் சொல்லி நிறுவனமே கட்டாயப்படுத்தலாம்.

1. தகுதியைப் பாருங்கள். அந்த நிறுவனத்தில் 12 மாதம் வேலை, கடந்த 12 மாதத்தில் 1,250 மணி நேரம், 75 மைல் தூரத்துக்குள் குறைந்தது 50 ஊழியர்கள். மூன்றும் வேண்டும். பெற்றோரைக் கவனிக்க எடுக்கலாம். மாமனார், மாமியாருக்குச் செல்லாது.

2. சொல்லுங்கள். பிரசவம், திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் 30 நாள் முன்பே. திடீரென வந்தால் அன்றோ மறுநாளோ.

3. மருத்துவச் சான்றிதழைக் கொடுங்கள். நிறுவனம் கேட்டால் பொதுவாக 15 நாள் அவகாசம். உங்கள் நோய்க்கு டபிள்யூஎச்-380-ஈ படிவம், குடும்பத்தாருக்கு 380-எஃப். அம்மா மதுரையில் சிகிச்சை பெறுகிறார் என்றால் அங்குள்ள மருத்துவர் நிரப்பியதையே நிறுவனம் ஏற்கவேண்டும். சான்றிதழ் தமிழில் இருந்து, நிறுவனம் கேட்டால், ஆங்கில மொழிபெயர்ப்பு தரவேண்டியது உங்கள் பொறுப்பு.

4. பிடிஓவைத் தனியாக விண்ணப்பியுங்கள். இதை மறந்துவிடாதீர்கள். நிறுவனத்தின் வழக்கமான பிடிஓ விதிகள் இங்கும் பொருந்தும்: போர்ட்டலில் பதிவு, முன்னறிவிப்பு, குறைந்தபட்ச மணி நேரம். அதில் தவறினால் அந்த நாட்களின் சம்பளம் போகலாம். எஃப்எம்எல்ஏ விடுப்பு போகாது. சிக் லீவ் தனியாக இருந்தால், குடும்பத்தாரின் நோய்க்கும் அதை எடுக்கலாமா என்று ஊழியர் கையேட்டில் பாருங்கள்.

5. வேறு பணம் வருகிறதா? குறுகிய கால ஊனக் காப்பீடோ (நோயால் வேலை செய்ய முடியாதபோது சம்பளத்தில் ஒரு பங்கைத் தருவது), மாநிலம் தரும் குடும்ப விடுப்புப் பணமோ கிடைக்கும் வாரங்களில், கூட்டாட்சி விதிப்படி, பிடிஓவை நிறுவனமும் திணிக்க முடியாது, நீங்களும் தனியாக முடிவுசெய்ய முடியாது. மாநிலச் சட்டம் அனுமதித்தால், இருவரும் ஒப்புக்கொண்டு மிச்சத்தை நிரப்பலாம். காப்பீடு சம்பளத்தில் 60% தந்தால் வாரம் 16 மணி நேர பிடிஓ போதும். அதே 80 மணி நேர இருப்பு 2 வாரத்துக்குப் பதில் 5 வாரம் வரும். எச்ஆரிடம் கட்டாயம் கேட்டுப் பார்க்கவேண்டிய கேள்வி இது. கலிஃபோர்னியாவில், குடும்ப விடுப்புப் பணத்துக்கு முன் 2 வார விடுமுறையைத் தீர்க்கச் சொல்லும் பழைய வழக்கம் 2025 ஜனவரி 1 முதல் இல்லை.

6. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம். பிடிஓ ஓடும்வரை சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அது தீர்ந்ததும் உங்கள் பங்கை நீங்களே கட்டவேண்டும். 30 நாளுக்கு மேல் தாமதமானால், குறைந்தது 15 நாள் முன்பு கடிதம் அனுப்பிவிட்டு நிறுவனம் காப்பீட்டை நிறுத்தலாம். சம்பளமில்லாத முதல் வாரம் வருவதற்குள், எவ்வளவு, எந்தத் தேதி, எந்த வழி என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.