கிறிஸ்துமஸ் லைட் போடறதுக்கு முன்னாடி, வாசலுக்கு ஒரு மேப்பிள் இலை தோரணம்

ஹாலோவீன் முடிஞ்ச மறுநாளே இங்க டொரன்டோ கடைகள்ல பூசணிக்காயை எல்லாம் எடுத்துட்டு கிறிஸ்துமஸ் மரத்தை நிறுத்திடுவாங்க. நவம்பர் ஆரம்பத்துலயே டிசம்பர் வந்த மாதிரி ஆயிடுது. ஆனா நம்ம தெருவுல மரம் எல்லாம் நெருப்பு மாதிரி நிக்கறது மொத்தமே மூணு நாலு வாரம்தான், அதை ஜன்னல் வழியா பார்த்துட்டே விட்டுடறோம்னு எனக்கு ரொம்ப நாளா மனசுல ஒரு குறை. அதனால வருஷா வருஷம் அக்டோபர்ல நான் விடாம பண்றது இந்த இலை தோரணம். நவராத்திரி, தீபாவளி எல்லாம் இந்த சமயத்துலதானே வருது, மாவிலைக்கு இந்தியன் கடைக்கு ஓடறோம், வாசல்ல கொட்டிக் கிடக்கறது மேப்பிள் இலை. பூஜைக்கு மாவிலை இருக்கட்டும், அழகுக்கு இது.

கைவேலையே பண்ணினது இல்லன்னாலும் இதை பண்ணலாம். வேலைன்னு பார்த்தா ஒரு சாயங்காலம்தான், ஆனா இலை காய ரெண்டு மூணு நாள் விடணும்.

வேண்டியது: 25 இலை (18 தான் கட்டப்போறோம், மிச்சம் உடையறதுக்கு), அரை கிலோ தேன்மெழுகு, அஞ்சு அடி சணல் கயிறு, தையல் நூல், பார்ச்மென்ட் பேப்பர், இனிமே சமையலுக்கு வேண்டாம்னு ஒதுக்கின ஒரு அகலமான பாத்திரம், அது உள்ள உக்கார்ற மாதிரி ஒரு பெரிய பாத்திரம்.

முதல்ல இலை பொறுக்கணும்

இதுதான் முக்கியமான வேலை, அவசரப்படாதீங்க. பகல்ல நல்ல வெயில், ராத்திரி ஜில்லுன்னு குளிர், இப்படி நாலஞ்சு நாள் சேர்ந்தாப்ல வந்தா சிவப்பு சூப்பரா ஏறும். இலையில பச்சை நிறம் சிதைஞ்சு போகும்போது உள்ள ஏற்கனவே இருந்த மஞ்சள் வெளிய தெரியுது, சிவப்பு அப்படி இல்ல, இலையில தங்கின சர்க்கரையை வெச்சு மரம் அந்த நேரத்துல புதுசா பண்றது. அதனாலதான் ஒரு வருஷம் மாதிரி இன்னொரு வருஷம் இருக்காது.

விழுந்து ஒரு நாள் ரெண்டு நாள் ஆன இலையா எடுங்க, மடக்கினா வளையணும், நொறுங்கினா விட்டுடுங்க. மழை பெய்ஞ்ச அன்னிக்கு போகாதீங்க. உள்ளங்கை அளவு போதும், அதைவிட பெருசா இருந்தா மெழுகுல முக்க கஷ்டம். சுகர் மேப்பிள்ல ஆரஞ்சு, ரெட் மேப்பிள்ல நல்ல சிவப்பு கிடைக்கும். தெருவோரம் நிறைய நிக்கற நார்வே மேப்பிள் மஞ்சளாதான் மாறும், அதுல பல இலைல தார் சொட்டு விட்ட மாதிரி கருப்பு புள்ளி இருக்கும், அது ஒரு பூஞ்சை, நமக்கு ஒண்ணும் பண்ணாது ஆனா பார்க்க நல்லா இருக்காது.

ரெண்டு விஷயம் கண்டிப்பா கவனிங்க. ரூஜ் பார்க் பக்கம் நடக்கப் போறவங்க அங்கேருந்து இலை எடுத்துட்டு வரக்கூடாது, அது தேசிய பூங்கா, எதையும் எடுக்க அனுமதி இல்ல. வீட்டு யார்டு, சொந்தக்காரங்க வீட்டு வாசல் போதும். அடுத்தது, ஒரே காம்புல மூணு இலையா, சிவப்பா பளபளன்னு தரையோட தரையா இருந்தா தொடாதீங்க, பாய்சன் ஐவியா இருக்கலாம், அதோட எண்ணெய் பட்டா தோல் கொப்புளம் கொப்புளமா வந்துடும். குழந்தைங்களை கூட்டிட்டு போறதுக்கு முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

அழுத்தி காய வைக்கறது

ஈரத்தை துணியால ஒத்தி எடுத்துட்டு நியூஸ்பேப்பர் நடுவுல ஒண்ணுமேல ஒண்ணு படாம அடுக்கி, மேல கனமா புக்கோ அரிசி மூட்டையோ வெச்சுடுங்க. ரெண்டு மூணு நாள். ரொம்ப நாள் விட்டா காம்பு முறுகிடும், அப்புறம் கயிறுல மடிக்க வராது.

மெழுகு

பெரிய பாத்திரத்துல தண்ணி, அதுக்குள்ள சின்ன பாத்திரத்துல மெழுகு, அடுப்பு சிம்ல. மெழுகை நேரடியா அடுப்புல வைக்கவே கூடாது, தீ பிடிக்கும். பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க, மூடி போட்டு மூடி அடுப்பை அணைங்க. இந்த வேலை பெரியவங்க மட்டும்தான், அடுப்பை விட்டு நகரக்கூடாது.

தேன்மெழுகு 62, 64 டிகிரி செல்சியஸ்ல உருகிடும், நீங்க 75 வரைக்கும் விடுங்க, ஏன்னா அரைகுறை சூட்டுல முக்கினா வெள்ளையா தடியா படிஞ்சு இலை நிறமே மறைஞ்சுடும். நான் முதல் தடவை பண்ணப்போ பாதி இலை அப்படித்தான் வீணாச்சு. காம்பை பிடிச்சு இலையை படுக்க வெச்ச மாதிரி மெழுகுல இழுத்து, ரெண்டு செகண்ட், தூக்கி சொட்டு விழட்டும், பார்ச்மென்ட் பேப்பர் மேல வைங்க. ஒரு நிமிஷத்துல இறுகிடும். காம்பையும் லேசா முக்கி, சூடா இருக்கும்போதே கொக்கி மாதிரி வளைச்சு விட்டுடுங்க. வீடு முழுக்க தேன் வாசனை வரும் பாருங்க, அதுக்காகவே பண்ணலாம்!

மிச்ச மெழுகை சிங்க்ல ஊத்தாதீங்க, பைப் அடைச்சுக்கும். பாத்திரத்துலயே இறுக விட்டு அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைங்க.

கட்டறது

இங்க முன்வாசல் கதவு பெரும்பாலும் 36 இன்ச் அகலம். ரெண்டு இன்ச்சுக்கு ஒரு இலைன்னு 18 இலை. காம்பு கொக்கியை கயிறு மேல போட்டு நூலால ரெண்டு சுத்து சுத்தி முடிச்சு, பூ கட்டத் தெரிஞ்சவங்களுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை. சிவப்பு, மஞ்சள்னு மாத்தி மாத்தி வெச்சா எனக்கு பிடிக்கல, மஞ்சள்ல ஆரம்பிச்சு நடுவுல சிவப்பு வர மாதிரி கட்டுங்க.

கதவுக்கு உள்பக்கம் மாட்டுங்க, வெளிய காத்துல ஒரு நாள் தாங்காது. ஹீட்டர் காத்து வர்ற இடம், வெயில் அடிக்கற ஜன்னல் வேண்டாம், மெழுகு இளகும்.

நவம்பர் கடைசி வரைக்கும் நிறம் நிக்கும். அப்புறம் இலையை மட்டும் கழட்டிட்டு அதே கயிறுல காய வெச்ச ஆரஞ்சு வில்லையும் பட்டையும் கட்டினா கிறிஸ்துமஸுக்கு ஆச்சு. ஆரஞ்சை அரை சென்டிமீட்டர் கனத்துல வெட்டி, ஓவன்ல 95 டிகிரி செல்சியஸ்ல மூணு நாலு மணி நேரம், அரை மணிக்கு ஒரு தடவை திருப்பி போடுங்க. ஆனா அது டிசம்பர் 1க்கு மேல, அதுவரைக்கும் இலை தொங்கட்டும்.