பாறை சிதைவதை ஒரே வாரத்தில் கண்ணால் பார்ப்பது எப்படி?

பாறை மண்ணாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஆனால் அதைச் சிதைக்கும் வேலைகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

முதலில் உறைபனி. மணற்கல், கிடைக்காவிட்டால் செங்கல் துண்டு ஒன்றை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் உறையவிட்டு, மறுநாள் வெளியே வைத்து உருகவிடுங்கள். ஆறேழு முறை செய்தால் ஓரங்கள் பொடிந்து, டப்பாவின் அடியில் துகள் சேரலாம். நீர் உறையும்போது சுமார் 9% விரிவதால் கல்லின் நுண்துளைகளை நெம்புகிறது. ஊறவைக்காத கல்லில் ஒன்றும் நடக்காது. கருங்கல்லையும் தவிர்த்துவிடுங்கள், அதில் தண்ணீர் புக இடம் மிகக் குறைவு.

அடுத்தது அமிலம். சுண்ணாம்புக்கல்லை எடை போட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும்; அது கார்பன் டை ஆக்சைடு. மூடியை இறுக்கக் கூடாது, வாயு அழுத்தம் ஏறும். 2 நாள் கழித்துக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே மறுபடி எடை போடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: ஈரத்தின் எடை, கரைந்த எடையை மறைத்துவிடும். கல்லுக்குப் பதில் சாக்பீஸ் போட்டுக் குமிழே வராவிட்டால், அது ஜிப்சம் என்ற வேறு கனிமத்தில் செய்தது. இயற்கையில் இதே வேலையை, காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்த மழைநீர் மெதுவாகச் செய்கிறது. சுண்ணாம்புக்கல் குகைகள் பெரும்பாலும் அப்படி உருவானவையே.

உராய்வு சுலபம். கூரான செங்கல் சில்லுகள் பத்தைப் பாதி நீருள்ள பாட்டிலில் போட்டு 500 முறை குலுக்குங்கள். முனைகள் மழுங்கி, தண்ணீர் கலங்கிச் சிவக்கும். ஆற்றுக் கூழாங்கல் உருண்டையாவதும் இப்படித்தான்.